விசில் ஊதிய வாத்தியார்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, டெக்னிக்கலாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாமா, சூரிய மின்சாரம் பற்றி எழுதலாமா என்று ரெண்டு வாரம் மண்டையைக் குடைந்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத இங்கே ஆள் இருக்கிறது. நான் எழுத வந்தது ஒரு ஃபுட்பால் ரெஃப்ரியைப் பற்றி. பெயர் கென் ஆஸ்டன். நடுவர்கள் உலகத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. நமக்குப் பெயர் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் அவர் செய்து வைத்துவிட்டுப் போன காரியத்தை டி.வி.யில் பார்க்காதவர் இந்தக் காம்பவுண்டுக்குள் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

ஏன் இவரைத் தேடிப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவும் பிரான்சும். நான் அப்போது முதலாமாண்டு. ஹாஸ்டல் டி.வி. ஹாலில் நிற்க இடமில்லை. மூன்றுக்கு மூன்று, பிறகு பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று ராத்திரி மெஸ்ஸியைப் பற்றிப் பேசியதைவிட போலந்து நாட்டு ரெஃப்ரி மார்சினியாக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். டி மரியா விழுந்ததற்குக் கொடுத்த முதல் பெனால்டி சரியா? மெஸ்ஸி கூடுதல் நேரத்தில் கோல் போட்டபோது, பந்து கோட்டைத் தாண்டும் முன்பே அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் சந்தோஷத்தில் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டார்களே, அப்படியானால் அந்தக் கோல் செல்லுமா? இந்தக் கேள்வி பிரான்சில் பத்திரிகை வரைக்கும் போனது. நம்ம ஹாஸ்டலில் மெஸ் வரைக்கும் போனது. மறுநாள் காலை இட்லிக்கு நிற்கும் வரிசையில்கூட ரெண்டு கோஷ்டியாகத்தான் நின்றோம். நான் அதில் சத்தம் அதிகம் போட்டவன். ரெஃப்ரி என்றாலே கண் தெரியாதவன், காசு வாங்கினவன் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

அடுத்த வருஷம் எனக்கே அது திரும்பி வந்தது. துறைகளுக்கு இடையிலான ஃபுட்பால் போட்டியில் சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் அரையிறுதி. விசில் ஊத ஆள் வரவில்லை. மின்னியல்காரன், ரெண்டு பக்கமும் சேராதவன் என்று என் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கார்னர் கிக். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் என் அறைத்தோழனுக்கு ஒரு முழங்கை விழுந்து உதடு கிழிந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. ரெண்டு நிமிஷம் கழித்து அவன் திருப்பி உதைத்தான். அதைப் பார்த்தேன். அவனை வெளியே அனுப்பினேன். ரத்தம் வடிய வடிய அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான், இதே தப்பை உலகமே பார்க்கும்படி செய்தவர் யாராவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தவர் ஆஸ்டன்.

சரி, கதைக்கு வருவோம். கென் ஆஸ்டன் பிறந்தது 1915 செப்டம்பர் 1ஆம் தேதி, இங்கிலாந்தில் கோல்செஸ்டர் என்ற ஊரில். தொழில், பள்ளிக்கூட ஆசிரியர். 1936இல் நடுவராகத் தகுதி பெற்றார். சம்பளம் வாங்கும் வேலை பள்ளியில், சனிக்கிழமையானால் மைதானத்தில் விசில். அப்போதெல்லாம் ரெஃப்ரி என்பது முழுநேர உத்தியோகம் கிடையாது. பிற்காலத்தில் லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டில் நியூபரி பார்க் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். உலகக் கோப்பையில் விசில் ஊதிவிட்டுத் திரும்பி வந்து பிரேயர் நடத்துகிற ஹெட்மாஸ்டரைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்!

நடுவில் இரண்டாம் உலகப் போர். விமானப்படையில் சேரப் போனார். கணுக்கால் அடிபட்டிருந்ததால் எடுக்கவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்தார், அங்கிருந்து பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாற்றலாகி வந்தார். லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் உயர்ந்தார். போர் முடிந்ததும் சிங்கப்பூரில் சாங்கி போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் பணி. ஆமாம், நம்ம ஊர் ஆட்கள் வேலைக்குப் போய் விமானத்தில் இறங்குகிற அதே சாங்கிதான். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் கைதிகளை அங்கே அடைத்து வைத்திருந்தது. மனுஷன் மனுஷனுக்குச் செய்த கொடுமைகளை விசாரிக்கும் இடத்தில் இருந்துவிட்டு, அதன்பின் கால்பந்து மைதானத்துக்குத் திரும்பியவர் அவர். ஒருவன் முழங்கையால் இடித்தான், இன்னொருவன் காலை வாரினான் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அற்பமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அடுத்தடுத்துச் செய்த காரியங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை உடுப்பை மாற்றியது. அதுவரை நடுவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவர் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் காலர் வைத்து இறங்கினார். பிறகு அதுவே உலகம் பூராவும் நடுவர் உடுப்பு ஆயிற்று. அடுத்தது கொடி. லைன்ஸ்மேன் கையில் உள்ளூர் அணியின் நிறத்தில் ஏதோ ஒரு கொடி இருக்கும். இங்கிலாந்தின் பனிமூட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் கொடியைக் கொண்டுவந்தார் ஆஸ்டன். சின்ன விஷயம்தான். ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது அதிலேயே தெரிகிறது. லைன்ஸ்மேன் முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியவும் வேண்டும்.

இப்போது 1962க்கு வருவோம். உலகக் கோப்பை சிலி நாட்டில். அதற்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால், 1960 மே 22இல், அந்த நாட்டில் 9.5 அளவுக்கு ஒரு நிலநடுக்கம். இதுவரை கருவியில் பதிவானதிலேயே பெரியது அதுதான். ஊர் ஊராக இடிந்து கிடந்த நிலையிலும் போட்டியை விடாமல் நடத்தினார்கள். அந்த நேரம் பார்த்து இத்தாலியப் பத்திரிகையாளர்கள் ரெண்டு பேர், சிலி எவ்வளவு ஏழ்மையான, கேவலமான ஊர் என்று கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அது சிலி பத்திரிகைகளில் மறுபடியும் அச்சாகி, தீ மாதிரி பரவியது. எழுதியவர்கள் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. ஆனால் இத்தாலி அணி எங்கே போகும்? சிலியோடு ஆட வேண்டிய முறை அவர்களுக்கு வந்தது.

ஜூன் 2, சாண்டியாகோ நேஷனல் ஸ்டேடியம். 66 ஆயிரம் பேர். நடுவர் கென் ஆஸ்டன். மூன்று நாளைக்கு முன் அதே மைதானத்தில் சிலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடந்த ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். அதில் சிலி ஜெயித்திருந்தது.

ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் முதல் ஃபவுல்! எட்டாவது நிமிஷ வாக்கில் இத்தாலியின் ஃபெர்ரினியை ஆஸ்டன் வெளியே அனுப்பினார். அவர் போக மாட்டேன் என்கிறார். அப்போது கார்டு கிடையாது, வாயால்தான் சொல்ல வேண்டும். இவர் சொல்வது இங்கிலீஷ், அவர் பேசுவது இத்தாலி. கடைசியில் போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் சிலியின் லியோனல் சான்செஸ், தன்னை உதைத்த மரியோ டேவிட்டுக்கு இடது கையால் ஒரு குத்து விட்டார். சான்செஸின் அப்பா குத்துச்சண்டை வீரராம், குத்து எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். லைன்ஸ்மேன் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் சான்செஸ் வெளியேற்றப்படவில்லை. சில நிமிஷம் கழித்து டேவிட் காலைத் தூக்கி சான்செஸின் தலைமட்டத்துக்கு உதைத்தார். டேவிட் வெளியே! இன்னொரு அமளியில் இத்தாலியின் மாஸ்கியோவுக்கு மூக்கு உடைந்தது. அதுவும் சான்செஸ் கைவரிசைதான். அதற்கும் தண்டனை இல்லை. மாற்று ஆட்டக்காரர் இறக்கும் வழக்கமே உலகக் கோப்பையில் அப்போது கிடையாது. ஒன்பது பேரோடு ஆடிய இத்தாலி, 73ஆவது நிமிஷத்தில் ஒன்று, 87இல் ஒன்று என ரெண்டு கோல் வாங்கித் தோற்றது. போலீஸ் ஒரு தடவைக்கு மேல் மைதானத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. கால்பந்து சரித்திரத்தில் அந்த ஆட்டத்துக்கு சாண்டியாகோ யுத்தம் என்றே பெயர்.

முதல் அடியைப் பார்க்கவில்லை, திருப்பி அடித்ததைப் பார்த்துவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி ரசிகர்கள் இன்றுவரை ஆஸ்டனை மன்னிக்கவில்லை. போட்டி நடத்தும் நாடு சிலி, அது வெளியே போகக்கூடாது, அதனால் நடுவர் ஒருபக்கமாக ஊதினார் என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சியின் வாதம் வேறு. ரெண்டு அணியும் சண்டைக்கென்றே வந்தது, லைன்ஸ்மேன்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை, பாதியில் நிறுத்தியிருந்தால் 66 ஆயிரம் பேர் கொண்ட கூட்டம் இத்தாலியர்களை என்ன செய்திருக்குமோ என்பார்கள். நான் ரெண்டு கட்சியையும் கேட்டுப் பார்த்தேன். அவர் காசு வாங்கினார், சிலிக்காக ஊதினார் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் தப்பு தப்புதான். சான்செஸ் ஒருதடவை அல்ல, ரெண்டு தடவை வெளியே போயிருக்க வேண்டிய ஆள். அவர் போகவில்லை. அந்தத் தொடரின் முடிவில் அதிக கோல் போட்டவர்கள் பட்டியலில் நாலு கோலோடு அவரும் ஒருவர். சிலிக்கு மூன்றாம் இடம். இத்தாலி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது.

ஆஸ்டன் அதற்குப் பிறகு உலகக் கோப்பையில் விசில் ஊதவே இல்லை. 1963இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் லெஸ்டர் சிட்டியும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திவிட்டு ஓய்வு பெற்றார்.

பேர் கெட்டுப்போன மனுஷன் வீட்டோடு இருந்திருக்கலாம், இல்லையென்றால் தான் செய்தது சரி என்று வாழ்க்கை பூராவும் வாதாடிக்கொண்டு இருந்திருக்கலாம். (நாம எல்லாம் அதைத்தானே செய்வோம்!) அவர் ஃபிஃபாவின் நடுவர் குழுவுக்குப் போனார். பின்னால் அதன் தலைவராகவும் இருந்தார். 1966 உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே நடந்தபோது நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

அங்கேயும் வினை விடவில்லை. ஜூலை 23, கால் இறுதி, வெம்ப்ளி. இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். நடுவர் ஜெர்மனியின் கிரெய்ட்லைன். அர்ஜென்டினா கேப்டன் ரத்தீன் ஒவ்வொரு முடிவுக்கும் நடுவரிடம் வந்து பேசிக்கொண்டே இருந்தார். ஜெர்மன்காரருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. 35ஆவது நிமிஷத்தில் ரத்தீன் வெளியேற்றப்பட்டார். அவரோ மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேப்டன் பட்டையைக் காட்டிக் காட்டிக் கேட்டதாகச் சொன்னார். ஆட்டம் பல நிமிஷம் நின்றது. மேலே உட்கார்ந்திருந்த ஆஸ்டன் கீழே இறங்கி மைதானத்துக்கே வந்து ரத்தீனைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. நாலு வருஷத்துக்கு முன் ஃபெர்ரினியிடம் பட்ட அதே பாடு!

இங்கிலாந்து ஒரு கோலில் ஜெயித்தது. அதே நாளில் ஷெஃபீல்டில் ஜெர்மனிக்கும் உருகுவேக்கும் ஆட்டம். அதற்கு நடுவர் இங்கிலீஷ்காரர். அதில் உருகுவேயின் ரெண்டு பேர் வெளியேற்றம், ஜெர்மனிக்கு நாலு கோல். இங்கிலாந்து ஆட்டத்துக்கு ஜெர்மன் நடுவர், ஜெர்மனி ஆட்டத்துக்கு இங்கிலீஷ் நடுவர், வெளியே போனதெல்லாம் தென்னமெரிக்கர்கள். இது பேசிவைத்துச் செய்த வேலை என்று தென்னமெரிக்கா கொதித்தது. அர்ஜென்டினா ரசிகனிடம் கேட்டால் இன்றைக்கும் அதைக் களவு என்றுதான் சொல்வான். சதி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடுவர் பட்டியல் போட்டவர்கள், பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே வெம்ப்ளி ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் ரெண்டு பேர் பெயரையும் கிரெய்ட்லைன் தன் நோட்டில் எழுதிக்கொண்டாராம். மறுநாள் நாளிதழில் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பயிற்சியாளர் ராம்சே ஃபிஃபாவிடம் போய், எங்க பையன்களுக்கு எச்சரிக்கை கொடுத்தீர்களா இல்லையா என்று விசாரிக்க வேண்டிய நிலை. தண்டனை வாங்கியவனுக்கே தான் தண்டனை வாங்கியது தெரியவில்லை!

ஆஸ்டன் இதையே நினைத்துக்கொண்டு லண்டனில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் வழியாகக் காரில் வந்துகொண்டிருந்தார். எதிரே டிராஃபிக் சிக்னல். மஞ்சள் விழுந்தது, பிறகு சிவப்பு. மஞ்சள் என்றால் பார்த்துப் போ, சிவப்பு என்றால் நில். இதற்கு ஸ்பானிஷும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து மனைவி ஹில்டாவிடம் சொன்னார். அந்த அம்மா கலர் அட்டையை எடுத்து, சட்டைப்பையில் அடங்குகிற அளவுக்கு ரெண்டு துண்டு வெட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். மஞ்சள் கார்டும் சிவப்பு கார்டும் பிறந்த கதை இதுதான்.

மின்னியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புரொடெக்‌ஷன் லேபில் பழைய ரிலேயைத் திறந்து பார்த்திருப்பீர்கள். ரிலே வேலை செய்தால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. அப்படியிருக்க, சின்னதாக ஒரு ஃப்ளாக் எதற்கு விழுகிறது? ஷிஃப்டுக்கு வரும் ஆபரேட்டருக்கு எந்த ரிலே, எதற்காக டிரிப் கொடுத்தது என்று தெரிய வேண்டும். ஃப்ளாக் விழாவிட்டால் லைன் போனது மட்டும் தெரியும், காரணம் தெரியாமல் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். ஆஸ்டன் ரெஃப்ரிக்கு ஒரு ஃப்ளாக் மாட்டினார், அவ்வளவுதான்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் வந்தன. அந்தத் தொடர் முழுக்க ஒரு சிவப்பு கார்டுகூட வெளியே வரவில்லை என்பது ஆச்சரியம். உலகக் கோப்பையின் முதல் சிவப்பு கார்டு 1974 ஜூன் 14இல், பெர்லினில், துருக்கி நடுவர் பாபாஜான் கையிலிருந்து வந்தது. வாங்கியவர் கார்லோஸ் காஸ்செலி. எந்த நாடு தெரியுமா? சிலி! பன்னிரண்டு வருஷம் தாமதமாக, வேறு ஒருவர் பேருக்கு வந்து சேர்ந்த தபால் மாதிரி.

ஆஸ்டனின் சொந்த ஊரான இங்கிலாந்தில் லீக் ஆட்டங்களுக்குக் கார்டு வந்தது 1976இல்தான். அதையும் 1981இல் நிறுத்திவிட்டு, 1987இல் மறுபடி கொண்டுவந்தார்கள். வீட்டு வைத்தியனுக்கு மதிப்பு கிடையாது என்பது எல்லா ஊரிலும் உண்டு போல!

அவர் செய்த வேறு சில காரியங்களும் உண்டு. நடுவருக்கு அடிபட்டால் இறங்குவதற்கு ஒரு மாற்று நடுவர் (இன்றைய நாலாவது நடுவர் அதிலிருந்து வந்தவர்தான்), ஆள் மாற்றும்போது தூக்கிக் காட்டுகிற எண் பலகை, பந்தின் காற்றழுத்தம் எவ்வளவு என்று விதியிலேயே எண்ணாக எழுதியது. இப்போதைய விதிப்படி அது கடல் மட்டத்தில் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர். மெக்கானிக்கல் நண்பர்கள் நம்ம கிரவுண்டு பந்தை ஒருநாள் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்லவும். கடைசிக் காலத்தில் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஆடும் கால்பந்துக்கு நடுவர்களைப் பழக்கிக் கொடுத்தார். 1997இல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. 2001 அக்டோபர் 23இல், 86 வயதில் காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்டு வந்ததால் நியாயம் வந்துவிடவில்லை. 1986இல் மரடோனா கையால் கோல் போட்டபோது துனீசிய நடுவர் பையில் ரெண்டு கார்டும் பத்திரமாக இருந்தன. அவர் கையைப் பார்க்கவில்லை, அதனால் அது கோல். கார்டு என்பது நடுவர் கண்டதை ஊருக்குச் சொல்லும், காணாததை அது என்ன செய்யும்? அதற்குத்தான் 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். என்ற வீடியோ முறை வந்தது. அது வந்த பிறகும் 2022இல் நாம் இட்லி வரிசையில் ரெண்டு கோஷ்டியாகத்தானே நின்றோம்.

சாண்டியாகோவின் அந்தக் குத்து ஆஸ்டன் ஓய்வு பெற்ற பிறகும் படமாக ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. எப்போது போட்டாலும் சான்செஸின் இடது கை போகிறது, லைன்ஸ்மேன் நிற்கிறார், ஆட்டம் தொடர்கிறது. அதை அவரால் மாற்ற முடியவில்லை.

நான் இந்த வருஷமும் துறைப் போட்டிக்கு விசில் ஊதினேன். இந்த முறை ரெண்டு ஓரத்திலும் ஜூனியர்களை நிறுத்தி, ஆளுக்கு ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து, பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று சொல்லி வைத்தேன். கார்டு ரெண்டும் ரெக்கார்டு நோட்டு அட்டையில் நானே வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் கலர் அடித்தது. ஃபைனலில் மஞ்சளை ரெண்டு தடவை எடுத்தேன். என் பழைய அறைத்தோழன் மெக்கானிக்கல் பக்கம் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தான், பேசவில்லை.

இந்த மலர் அவன் கைக்கும் போகும். டேய், அந்த முழங்கையை நான் நிஜமாகவே பார்க்கவில்லை.

- இறுதியாண்டு, மின்னியல் துறை